கடைசி வேர்களைப் பிடுங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்



எமது ஒன்றுகூடல்களில் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றால் ஒரு விடயம் கண்ணில் படும். வடையைத் தொடாமல் சோற்றையும் பருப்பையும் மட்டும் போட்டுக்கொள்ளும் ஐயாமார், ஆட்டிறைச்சிக் கறியில் "குழம்பை மட்டும் விடு பிள்ளை" என்று சொல்லும் அம்மாமார், சாப்பிட்டு முடிந்ததும் கைலேஞ்சியால் வாயை மறைத்தபடி கழிவறைப் பக்கம் போகிறவர்கள். ஏன் என்று கேட்டால் கொலஸ்ட்ரோலைச் சாட்டுவார்கள். பலருக்கு உண்மையான காரணம், சட்டைப் பைக்குள் கடதாசியில் சுற்றிக் கிடக்கும் கட்டுப்பல்தான்.

1980களில் இருபது, முப்பது வயதில் டென்மார்க்குக்கு வந்து இறங்கிய தலைமுறை இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டிக்கொண்டிருக்கிறது. மூட்டு வலியைப் பற்றியும் சீனி வருத்தத்தைப் பற்றியும் தயங்காமல் பேசுகிற எம்மவர்கள், பல் விழுந்ததைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. நாம் பல் வைத்தியர் அல்லர், குடும்ப வைத்தியர். ஆனாலும் வாய்க்குள் இருக்கும் துன்பம் முதலில் எம்மிடம்தான் வருகிறது. காரணம் எளிது. எம்மிடம் வருவதற்குக் காசு இல்லை. பல் வைத்தியரின் கதிரையில் ஏறினால் காசு. நாலு கிலோ நிறை குறைந்துவிட்டது, புற்றுநோயாக இருக்குமோ என்று பிள்ளைகள் பயந்து கூட்டி வருவார்கள். இரத்தம் சோதித்து, வயிறு சோதித்து, எல்லாம் பார்த்து முடிந்தபின் கேட்டால், "தம்பி, கீழ்ச் செட்டுப் பல்லு நிக்குதில்லை, மூண்டு மாசமாகக் கஞ்சிதான்" என்று அந்த அம்மா மெல்லச் சொல்லுவார்.

இந்தக் கட்டுரை அப்படியானவர்களுக்காகவும், அவர்களைப் பல் வைத்தியரிடம் கூட்டிச் சென்று மொழிபெயர்க்கிற பிள்ளைகளுக்காகவும் எழுதப்படுகிறது. எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாயில் இரண்டு மூன்று பற்கள்தான் மிஞ்சியிருக்கின்றன, அவற்றையும் பிடுங்கிவிட்டு முழுச் செட் போடலாம் என்று யாராவது சொன்னால், உடனே தலையாட்ட வேண்டாம். "வேரை வைத்துக்கொண்டு, அதன்மேல் கட்டுப்பல்லைப் பிடித்து வைக்க முடியாதா? காந்தம் வைக்கலாமா?" என்று கேளுங்கள்.

காந்தமா என்று சிலர் புருவத்தை உயர்த்துவீர்கள். விளக்குகிறோம். அதற்கு முன் எம்மவர் பற்கள் ஏன் விழுகின்றன என்பதைச் சொல்ல வேண்டும். அதில் நாம் வாழும் ஓகூஸ் நகரத்துக்கும் தமிழருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு.

இங்குள்ள பல் மருத்துவக் கல்லூரி 1958 இல் தொடங்கப்பட்டது. 1960களில் அங்கே பேராசிரியராக இருந்தவர் நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ. அவர் 1965 இல் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. ஆரோக்கியமான முரசு உள்ள பன்னிரண்டு பேரை, அநேகமாகப் பல் மருத்துவ மாணவர்களை, பல் தீட்ட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று கிழமைக்குள் அத்தனை பேருக்கும் முரசு அழற்சி வந்தது. திரும்பத் தீட்டத் தொடங்கியதும் மாறிவிட்டது. பல்லில் படியும் அழுக்குத்தான் முரசு நோயின் தொடக்கம் என்பது அப்படி நிறுவப்பட்டது.

அதே லோ 1970 இல் இலங்கை மலையகத்துக்குப் போனார். பல்துலக்கியே பாவித்திராத, பல் வைத்தியரைக் கண்டிராத 480 தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை, எமது மலையகத் தமிழ் உறவுகளை, அவரும் அவருடைய குழுவினரும் பதினைந்து வருடங்கள் தொடர்ந்து சோதித்தார்கள். 1986 இல் முடிவு வெளியானது. எல்லோருடைய வாயிலும் அழுக்கும் காறையும் நிறைய இருந்தும், நோய் எல்லோரையும் ஒரே மாதிரித் தாக்கவில்லை. ஏறக்குறைய 8 வீதமானோருக்கு முரசு நோய் மிக வேகமாகப் பரவி, நாற்பதுகளின் நடுப்பகுதிக்குள் கிட்டத்தட்ட எல்லாப் பற்களும் போய்விட்டன. 81 வீதமானோருக்கு மெதுவாகப் பரவியது. 11 வீதமானோருக்கு முரசு சிவந்ததோடு சரி, பல் ஆடவே இல்லை. உலகத்துப் பல் மருத்துவ மாணவர்கள் எல்லோரும் படிக்கிற பாடம் இது. அந்தத் தொழிலாளர்களுக்கு இதனால் என்ன கிடைத்தது என்ற கேள்வி எமக்கு எப்போதும் உண்டு. அது வேறொரு கட்டுரைக்குரியது.

இதிலிருந்து எமக்குத் தெரிய வேண்டியது இதுதான். வயது போனவர்களின் பல் பெரும்பாலும் சூத்தையால் மட்டும் போவதில்லை. முரசும் அதற்குக் கீழுள்ள எலும்பும் கரைவதால் ஆடி விழுகிறது. நீரிழிவும் புகைத்தலும் அதை விரைவுபடுத்தும். முரசு கெட்டால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். எம்மவரிடையே நீரிழிவு எவ்வளவு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சரி, சில பற்கள் போய் சில பற்கள் மிஞ்சியவருக்கு வழக்கமாக என்ன செய்கிறார்கள்? கழற்றிப் பூட்டுகிற கட்டுப்பல். மிஞ்சிய பற்களைக் கம்பிக் கொழுக்கிகளால் கவ்விப் பிடித்துக்கொண்டு அது நிற்கும். பற்கள் உறுதியாக இருந்தால் இது நல்ல வழிதான், குறை சொல்லவில்லை. ஆனால் பற்கள் ஏற்கனவே ஆட்டம் கண்டிருந்தால், ஒவ்வொரு கடிக்கும் கொழுக்கி அந்தப் பல்லைப் பக்கவாட்டில் இழுக்கும். கொழுக்கியைச் சுற்றி உணவு அடையும். சிரித்தால் கம்பி தெரியும். கொழுக்கி பிடித்திருந்த பல்லும் ஒருநாள் விழ, அந்தத் தட்டுக்குப் பிடி இல்லாமல் போகும். அப்போதுதான் "மிச்சத்தையும் எடுத்துவிடலாம்" என்ற பேச்சு வரும்.

காந்த முறை இந்த இடத்தில்தான் பொருந்துகிறது. மிஞ்சிய பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்து, அதாவது நரம்பை எடுத்து அடைத்து, மேற்பகுதியை முரசு மட்டத்துக்குக் கிட்ட வெட்டிவிடுவார்கள். அந்த வேரின் தலையில் காந்தத்தால் ஈர்க்கப்படும் ஒருவகைத் துருப்பிடிக்காத உருக்கினால் ஆன ஒரு சிறிய தட்டையான மூடியை ஒட்டுவார்கள். இந்த மூடி காந்தம் அல்ல, வெறும் உலோகம். சில மில்லிமீற்றர் அகலமான ஒரு காந்தத்தைக் கட்டுப்பல்லின் உட்பக்கத்தில், அந்த மூடிக்கு நேராகப் பதிப்பார்கள். கட்டுப்பல்லை வாய்க்குள் கொண்டுபோனால் அது தானாகவே தன் இடத்தில் போய் "டக்" என்று அமரும். இரண்டு வேர் கிடைத்தால் நல்லது. கீழ்த் தாடையின் இரண்டு வேட்டைப் பற்களின் வேர்கள் கிடைத்தால் மிக நல்லது.

காந்தத்தின் பிடி பெரிய பிடி அல்ல. ஒன்று அரைக் கிலோ அளவுக்கு இழுபடும், சில வகைகள் அதற்கு மேல். பனங்கிழங்கு கடிக்கிறவர்களுக்கு அது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இந்தப் பலவீனமே ஒரு வசதி. பக்கவாட்டில் அதிகம் தள்ளினால் காந்தம் மூடியின்மேல் வழுக்கும். வேரைப் பிடித்து ஆட்டாது. எமது ஊர் வேலியில் நிற்கும் உயரமான கதியாலைப் பிடித்து அசைத்தால் ஆடும். அதையே கட்டையாக வெட்டிவிட்டால் ஆட்டம் குறையும். பல்லும் அப்படித்தான். சற்று ஆடுகிற பல்லை முரசு மட்டத்துக்கு வெட்டிவிட்டால், வேர் முன்பைவிட உறுதியாக நிற்கும்.

டென்மார்க்கில் இருந்துகொண்டு காந்தத்தைப் பற்றிப் பேசும்போது எர்ஸ்டெட்டை நினைக்காமல் இருக்க முடியாது. மின்னோட்டம் திசைகாட்டி ஊசியை அசைக்கும் என்று 1820 இல் கொப்பன்ஹேகனில் கண்டுபிடித்தவர் அவர். ஆனால் காந்தம் வாய்க்குள் வர அதன்பின் நெடுங்காலம் சென்றது. 1950களில் சிலர் தாடை எலும்புக்குள்ளேயே காந்தத்தைப் புதைத்துப் பார்த்தார்கள். அன்றைய காந்தங்கள் பருமனானவை, பலம் குறைந்தவை. பிறகு சமாரியம்-கோபால்ட் காந்தங்கள் வந்தன. அவற்றை வைத்து, வேரின்மேல் மூடியும் கட்டுப்பல்லில் காந்தமும் என்ற முறையை வளர்த்தெடுத்தவர்களில் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் பிரையன் கில்லிங்ஸ் முக்கியமானவர். 1982 இல் ஜப்பானியரான மசாட்டோ சகாவா நியோடைமியம் காந்தத்தை உருவாக்கியதும், பருப்பு அளவுக் காந்தமே போதும் என்றாயிற்று. ஒரு பெரிய குறை மட்டும் மிஞ்சியது. இந்தக் காந்தங்கள் எச்சில் பட்டால் அரித்துப் போகும். ஆரம்ப காலத்தில் இரண்டு வருடம்கூட நிற்காதவை உண்டு. இப்போது உருக்கு உறைக்குள் வைத்து லேசர் கதிரால் ஒட்டி மூடிவிடுகிறார்கள். 2012 இல் இதற்கென்று சர்வதேசத் தர நிர்ணயமும் வந்தது. இந்த முறையை அதிகம் பாவிக்கும் நாடு ஜப்பான். அங்கே 2021 செப்டம்பரில் இருந்து வேர்மேல் வைக்கும் காந்தக் கட்டுப்பல் பொது மருத்துவக் காப்புறுதிக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறது. முதியவர்கள் நிறைந்த ஒரு நாடு கணக்குப் பார்த்து எடுத்த முடிவு அது.

ஆனாலும் நாம் காந்தத்துக்கு விளம்பரம் செய்ய வரவில்லை. எமது அக்கறை வேரில்தான். பல்லைப் பிடுங்கினால் அதைத் தாங்கிய எலும்பு கரையத் தொடங்கும். கீழ்த் தாடையில் இது மோசம். 1978 இல் வெளியான ஒரு ஐந்து வருட ஆய்வில், எல்லாப் பற்களையும் பிடுங்கி முழுச் செட் போட்டவர்களுக்குக் கீழ்த் தாடையின் முன்பகுதி எலும்பு சராசரியாக 5 மில்லிமீற்றருக்குமேல் குறைந்திருந்தது. வேட்டைப் பல் வேர்களை வைத்துக்கொண்டு அதன்மேல் கட்டுப்பல் போட்டவர்களுக்கு ஒரு மில்லிமீற்றர்கூடக் குறையவில்லை. எலும்பு கரைந்து மேடு தட்டையானால், எவ்வளவு விலை கொடுத்துச் செய்த கீழ்ச் செட்டும் நாக்கு அசையும்போது மிதக்கும். கன்னம் உள்ளே போய், நாடி முன்னே வந்து, ஆளே மாறிவிடுவார்.

வேரைச் சுற்றியிருக்கும் மெல்லிய நார்களுக்கு உணர்ச்சி உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. கச்சானைக் கடிக்கிறோமா கல்லைக் கடிக்கிறோமா என்று மூளைக்குச் சொல்வதில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். நரம்பை எடுத்தாலும் அந்த உணர்ச்சி வேரைச் சுற்றி இருக்கும். பிடுங்கினால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

யாருக்கு இது மிகவும் உதவும்? கை நடுக்கம் உள்ளவர்கள், பாரிசவாதத்தால் ஒரு கை வழங்காதவர்கள், விரல் மூட்டுகள் வீங்கியவர்கள். கொழுக்கிப் பல்லைச் சரியான திசையில் செலுத்திப் பூட்ட விரலுக்கு நிதானம் வேண்டும். சட்டையின் அழுத்துப் பொத்தான் போல வேலை செய்யும் குமிழ்ப் பூட்டுகளும் உண்டு. அவை காந்தத்தைவிட இறுக்கமாகப் பிடிக்கும்; ஆனால் பூட்டவும் கழற்றவும் விரலில் பலம் வேண்டும். கை நல்லாக இருந்து, நன்றாகக் கடித்துச் சாப்பிட ஆசைப்படுகிற ஐம்பத்தெட்டு வயதுக்காரர் குமிழ்ப் பூட்டைத்தான் விரும்பக்கூடும். எண்பது வயதில் கை நடுங்கும் அம்மாவுக்கும், அவருக்கு உதவும் முதியோர் இல்லப் பணியாளருக்கும் காந்தம் பெரிய நிம்மதி.

யாருக்கு உதவாது? வாயைச் சுத்தமாக வைத்திருக்க மாட்டேன் என்பவருக்கு. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டுப்பல்லுக்குக் கீழே மூடிக் கிடக்கும் வேர், கவனிக்காவிட்டால் எளிதில் சூத்தை பிடிக்கும். நரம்பு எடுத்த வேர் என்பதால் வலி வந்து எச்சரிக்கவும் மாட்டாது. காலையும் இரவும் கட்டுப்பல்லைக் கழற்றி, மென்மையான பல்துலக்கியால் வேரின் தலையையும் சுற்றியுள்ள முரசையும் புளோரைட் பற்பசையால் தீட்ட வேண்டும். வேர்ச் சூத்தை வரக்கூடியவர்களுக்குப் பல் வைத்தியர் கூடிய புளோரைட் உள்ள பற்பசைக்கு மருந்துச்சீட்டுத் தருவார். காந்தத்துக்கும் மூடிக்கும் இடையே ஒரு கடதாசித் தடிப்புக்கு அழுக்கு அடைந்தாலே பிடி வெகுவாகக் குறைந்துவிடும். "காந்தம் பலம் போச்சுது" என்று முறையிடுவோர் முதலில் இரண்டையும் தேய்த்துக் கழுவிப் பார்க்கட்டும். கட்டுப்பல்லைக் கொதிநீரில் போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. தட்டு நெளிந்துவிடும், காந்தமும் பலம் இழக்கும். இரவில் கழற்றிவைக்க வேண்டும், முரசுக்கும் ஓய்வு வேண்டும். வெற்றிலை, பாக்கு, புகையிலை பற்றி இங்கே மீண்டும் எழுதப்போவதில்லை, எழுதாமலே தெரியும்.

காந்தம் என்றதும் எழும் பயங்கள் சில. இரத்தத்தில் இரும்பு இருக்கிறதே, அதை இழுக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. இரத்தத்தில் உள்ள இரும்பு ஆணியில் உள்ள இரும்பைப் போல நடந்துகொள்வதில்லை. இந்தக் காந்தம் அதை ஒன்றும் செய்யாது. அதேபோல அது எந்த நோயையும் குணப்படுத்தவும் மாட்டாது. காந்தக் காப்பு, காந்தப் படுக்கை என்று எம்மவர் வீடுகளில் விற்றுத் திரிந்தவர்களின் கதையை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். இதயத் துடிப்புக் கருவி பொருத்தியவருக்கு வாய்க்குள் இருக்கும் இந்தச் சின்னக் காந்தம் தூரத்தால் ஆபத்தில்லை. ஆனால் கழற்றிய கட்டுப்பல்லை அந்தக் கருவிக்கு நேர்மேலே உள்ள சட்டைப் பையில் போடாதீர்கள், ஒரு சின்னப் பெட்டிக்குள் போட்டுக் கைப்பைக்குள் வையுங்கள். பூட்ட முதல் உங்கள் பல் வைத்தியரிடம் கருவியைப் பற்றிச் சொல்லியும் விடுங்கள்.

உண்மையாகக் கவனிக்க வேண்டியது எம்.ஆர். ஸ்கான். ஸ்கேய்பியில் உள்ள பல்கலைக்கழக வைத்தியசாலைக்கோ வேறெங்கோ ஸ்கானுக்குப் போனால், கட்டுப்பல்லைக் கழற்றி அந்த அறைக்கு வெளியே விட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் அதன் காந்தம் கெட்டுவிடும், தட்டும் இழுபடும். வேரில் ஒட்டிய மூடி வாயிலேயே இருக்கும். கால், முழங்கால், வயிறு என்றால் படத்துக்கு இடைஞ்சல் இல்லை. முகம், நாக்கு, தாடை, மூளையின் கீழ்ப்பகுதி என்றால் அந்த உலோகத்தைச் சுற்றிப் படம் கலங்கித் தெரியும். சில வேளை மூடியைக் கழற்ற வேண்டியும் வரலாம். தலைக்கு அடிக்கடி ஸ்கான் எடுக்க வேண்டிய நோய் உள்ளவர் காந்தத்தைவிட வேறு பூட்டைத் தெரிவு செய்வதே புத்தி. எந்த ஸ்கான் என்றாலும் படம் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பாரிசவாதம் வந்து பேச்சிழந்த நிலையில் அம்மாவால் சொல்ல முடியாது. ஆகவே "வேரில் காந்தப் பூட்டின் உலோக மூடி உண்டு" என்று டெனிஷ் மொழியில் ஒரு துண்டில் எழுதி மஞ்சள் சுகாதார அட்டையோடு வைத்துவிடுங்கள். பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய வேலை.

இன்னொரு பழக்கத்தைப் பற்றியும் எமது கருத்தைச் சொல்ல வேண்டும். கொழும்புக்கோ சென்னைக்கோ மூன்று கிழமை போகும்போது பல்லையும் கட்டிக்கொண்டு வருவது. அங்கே திறமையான பல் வைத்தியர்கள் இருக்கிறார்கள் என்பதில் எமக்கு ஐயமில்லை, செலவும் குறைவுதான். ஆனால் மூன்று கிழமை என்பது விமானச்சீட்டின் கணக்கு, முரசின் கணக்கல்ல. பல் பிடுங்கிய இடம் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். போகும்போது பொருந்திய தட்டு ஆறு மாதத்தில் ஆடும். காந்தக் கட்டுப்பல்லோ வருடாவருடம் பார்க்கப்பட வேண்டியது. உட்பக்கம் நிரப்ப வேண்டும், வேரைச் சோதிக்க வேண்டும். அந்த மூடி எந்த வகை, காந்தம் எந்தக் கம்பனி என்ற விபரம் எழுத்தில் இல்லாவிட்டால், இங்குள்ள பல் வைத்தியர் என்ன செய்வார்? அங்கே செய்யத்தான் வேண்டுமென்றால் அந்த விபரங்களையும் கதிர்ப் படங்களையும் கையோடு வாங்கி வாருங்கள்.

இனிக் காசு. டென்மார்க்கில் பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் பல் சிகிச்சை இலவசம். வளர்ந்தோருக்கு ஒரு பகுதிக்குத்தான் மானியம், கட்டுப்பல்லுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. எல்லாப் பல் வைத்தியரும் காந்தப் பூட்டு செய்வதில்லை என்பதால் முதலில் தொலைபேசியில் கேளுங்கள். கட்டுப்பல் செய்யும் தொழில்நுட்பவியலாளர்கள் நேரடியாக நோயாளிக்கு முழுச் செட் செய்து கொடுக்க 1979 முதல் இங்கே சட்டம் இடம் தருகிறது. வேரில் செய்யும் வேலை பல் வைத்தியருடையது. இருவரும் சேர்ந்து வேலை செய்யும் இடமானால் நல்லது. வெனலிஸ்ட் பூலவார்டில் உள்ள பல்கலைக்கழகப் பல் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த கட்டணத்துக்குச் சிகிச்சை செய்கிறார்கள். நேரம் எடுக்கும், பல தடவை போக வேண்டும், எல்லோரையும் ஏற்பதுமில்லை. ஆனால் ஓய்வு பெற்றவர்களுக்கு நேரந்தானே இருக்கிறது. நடமாட முடியாதவர்களுக்கும் முதியோர் இல்லத்தில் இருப்பவர்களுக்கும் கொம்யூன் ஒரு சிறிய வருடாந்தக் கட்டணத்துடன் தனியான பல் பராமரிப்பு வைத்திருக்கிறது; பலர் அதைக் கேட்டே பெறவில்லை.

சேமிப்பு அதிகம் இல்லாத ஓய்வூதியக்காரருக்குக் கட்டுப்பல் செலவில் 85 வீதம் வரை ஈடுசெய்யும் சுகாதார மேலதிகக் கொடுப்பனவும் உண்டு. எவ்வளவு கிடைக்கும் என்பது அவரவர் வருமானத்தையும் கையிருப்பையும் பொறுத்தது. டொக்1 கட்டடத்தில் உள்ள பிரஜைகள் சேவையில் கேட்டால் எங்கே, எப்படி விண்ணப்பிப்பது என்று வழி காட்டுவார்கள். பல் வைத்தியரிடம் செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, வேலை தொடங்குமுன் விண்ணப்பியுங்கள். முடிந்தபின் பற்றுச்சீட்டைக் கொண்டு போனால், பெரும்பாலும் கதவு சாத்தப்பட்டிருக்கும்.